ராணுவக் கைத்துப்பாக்கியின் பிரேம்: எஃகா, அலுமினியமா?

கணபதி பட்டறைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி மில்லிங் எந்திரங்களை வைத்துக்கொண்டு பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் ஆகிய ஊர்கள் இடம்பெற்றதிலிருந்து எங்கள் வட்டாரப் பட்டறைகளில் ஆயுத உதிரிபாகங்களைப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் பெரியப்பா, "அலுமினியம் சட்டி பானைக்கு ஆகும், துப்பாக்கிக்கு ஆகாது" என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் அமெரிக்கப் படை 1985இல் தேர்ந்தெடுத்த பெரெட்டா எம்9 துப்பாக்கியின் பிரேம் (மற்ற பாகங்களைத் தாங்கும் உடல் சட்டம்) அலுமினியக் கலவைதானே? அத்தனை அழுத்தத்தை அந்த மென்மையான உலோகம் எப்படித் தாங்குகிறது? எடையைக் குறைப்பதற்காக மட்டுமே உறுதியை விட்டுக்கொடுத்தார்களா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேட்டூர் உலோகவியல் எழுதியது:

அண்ணா, உங்கள் பெரியப்பா சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் மனத்தில் வைத்திருப்பது பாத்திர அலுமினியம். பிரேமுக்குப் பயன்படுவது வேறு. ஏற்காட்டு பாக்சைட்டைக் கொண்டு அலுமினியம் உருக்கிய ஊர்க்காரன் என்பதால், இந்த உலோகத்தை யாரேனும் இளப்பமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. துத்தநாகம் சேர்த்து வெப்பப் பதப்படுத்திய 7075 போன்ற கலவைகளின் இழுவலிமை சாதாரண கார்பன் எஃகுக்குக் குறைந்ததல்ல. எடையோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பும் (வளையாமல் நிற்கும் தன்மை) அதே அளவுக்குக் குறைவு என்பதையும் மறைக்கக் கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் 2,000 வளிமண்டலங்களுக்கும் மேல் செல்லும். ஆனால் அதைத் தாங்குபவை பேரலும் (குழல்), பிரேமின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும்தான், அவை இரண்டும் எஃகு. பிரேமின் வேலை, பின்னோக்கிப் பாயும் ஸ்லைடுக்கு வழி காட்டுவதும், கடைசியில் அந்த மோதலை வாங்கிக்கொள்வதுமே. ஆகவே உண்மையான கேள்வி ஒரு குண்டைத் தாங்குமா என்பதல்ல, பத்தாயிரமாவது குண்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதுதான். எஃகில் தகைவு (உலோகத்தினுள் எழும் அழுத்தம்) ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், எத்தனை முறை அடி வாங்கினாலும் அது சோர்வதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்திற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. சிறிய அடியும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு நல்ல சான்று ஜெர்மானிய வால்தர் நிறுவனத்தின் கைத்துப்பாக்கி. எஃகு பிரேம் கொண்ட பழைய பி38 வடிவத்தையே, 1957இல் மேற்கு ஜெர்மனியின் புதிய படைக்காக அலுமினிய பிரேமுடன் செய்தார்கள். 1963இல் அதற்குப் பி1 என்று பெயரிட்டார்கள். எஃகுக்காக வரைந்த வடிவத்தில் உலோகத்தை மட்டும் மாற்றியதன் விலை பின்னர் தெரிந்தது. அதிகச் சுமை விழும் இடத்தில், பிரேமின் குறுக்கே ஓர் அறுகோண எஃகு ஊசியைப் பொருத்தி வலுப்படுத்த வேண்டியதாயிற்று. பிற்காலத்துப் பி1 ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், டிரிகருக்கு மேலே அந்த ஆறு பட்டை முகம் பக்கவாட்டில் பளிச்சென்று தெரியும். பெரெட்டாவிலும் இதே பாடம் உண்டு. எம்1951 என்ற பழைய மாடலை முதலில் அலுமினிய பிரேமில் செய்து பார்த்து, சரிப்படாமல் எஃகுக்குத் திரும்பினார்கள். 1970களில் எம்9க்கு மூலமான 92 மாடலை வரையும்போதுதான் மறுபடியும் அலுமினியத்தை எடுத்தார்கள்.

உடுமலை முன்னாள் ஆர்மரர் எழுதியது:

பட்டறைக்காரத் தம்பிக்கு வணக்கம். மேட்டூர்க்காரர் சொன்னது சரியே. எம்9 குறித்து ஒன்றைச் சேர்க்கிறேன். 1980களின் பிற்பகுதியில் அந்தத் துப்பாக்கியின் ஸ்லைடு உடைந்து, பின்பாதி சுடுபவரின் முகத்தைத் தாக்கிய விபத்துகள் நடந்தன. உடைந்தது எஃகு ஸ்லைடு என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு ஹேமர் பின்னின் (சுத்தியலைத் தாங்கும் ஊசி) தலையைப் பெரிதாக்கி, ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி தடுத்தார்கள்.

நான் பணியில் பராமரித்தவை இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மி.மீ. 1ஏ துப்பாக்கிகள். அவை பிரௌனிங் ஹைபவர் வடிவம், முழுவதும் எஃகு. மழைக்காலத்தில் உள்ளங்கை வியர்வை படும் கைப்பிடி முன்புறத்தில் மேல்பூச்சு தேய்ந்திருந்தால், இரண்டே நாளில் செந்துரு பொடிப்பொடியாக எழும்பும். எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து என் விரல் நகமெல்லாம் பழுப்பேறிப்போகும். அலுமினியத்தில் அந்தச் செந்துரு இல்லை. ஆனால் அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஏற்றிய கடினப் படலம்) தேய்ந்து, ஸ்லைடு ஓடும் ரெயில் வெள்ளி நிறத்தில் தெரியத் தொடங்கினால், அடியிலிருக்கும் மெத்தென்ற உலோகம் எஃகு ஸ்லைடுக்கு எதிரே வெகுநாள் நிற்காது. எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. உப்புக் காற்றில் எஃகு ஊசியும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அரிப்பு எழுகிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

கணபதி பட்டறைக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் எம்9, ஹைபவரைவிட வெகுவாக எடை குறைந்ததா? மேலும், அலுமினிய பிரேமில் விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

உடுமலை முன்னாள் ஆர்மரர் எழுதியது:

எடையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் தம்பி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஹைபவரில் 13 தோட்டா, எம்9இல் 15. துப்பாக்கியும் உருவத்தில் பெரியது. மிச்சப்பட்ட எடையை அந்தப் பருமன் எடுத்துக்கொண்டது. அதே அளவை எஃகில் செய்திருந்தால் நாள் முழுவதும் இடுப்பில் சுமப்பவர் பாடு திண்டாட்டமாகியிருக்கும். ஆஸ்திரியப் படை 1982இல் பாலிமர் (பிளாஸ்டிக்) பிரேம் கொண்ட கிளாக்கை ஏற்றதிலிருந்து போட்டியே பாலிமர் பக்கம் போகத் தொடங்கிவிட்டது.

விரிசலுக்கு உங்கள் ஊர் ஃபவுண்டரி முறையே போதும். வார்ப்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி பூசுவார்கள் அல்லவா? பிரேமை எண்ணெய் போகத் துடைத்து, லாக்கிங் பிளாக் (பேரலையும் ஸ்லைடையும் பூட்டும் துண்டு) உட்காரும் இடத்திலும் டிரிகர் கார்டுக்கு மேலுள்ள மூலைகளிலும் அப்படியே செய்து, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பூச்சில் மயிரிழை போல ஈரக்கோடு ஊறி வரும். அந்தக் கோடு தெரிந்த பிரேமை நான் ஒருபோதும் பயன்பாட்டுக்குத் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.