"வைக்கலன்னா பென்ஷன் நின்னுடுமா கண்ணு?"

2018இல் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சர்க்கரை நோய் ஆய்வுக்குக் களப்பணியாளராக இருந்தேன். வீடு வீடாகப் போய் ஆய்வைப் பற்றிச் சொல்லி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, கேள்விகள் கேட்டு, ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு 12 வீடு என்று கணக்கு. தகவல் தாளை முழுதாகப் படித்துச் சொன்னால் ஒரு வீட்டுக்கே அரை மணி நேரம் பிடிக்கும். எங்களில் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்தோம். நானும்தான்.

ஒரு மதியம், திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா நான் வாயைத் திறக்கும் முன்பே கட்டைவிரலை நீட்டிவிட்டார்.

"எங்க வைக்கணும் கண்ணு?"

"இருங்க ஆயா, என்ன ஏதுன்னு சொல்லிடறேன்."

"நீ சொல்லி எனக்கு என்னா புரியப் போவுது. வைக்கலன்னா பென்ஷன் நின்னுடுமா? அத மட்டும் சொல்லு."

அப்போது மாதம் 1,000 ரூபாய் முதியோர் பென்ஷன். கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக யார் வந்தாலும் அவருக்கு அரசாங்கம்தான். பயத்தில் விரலை நீட்டியிருக்கிறார். அதற்கு முன் நான் வாங்கிய கைநாட்டுகளில் எத்தனை இப்படி வந்தவை என்று நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வேலையில் சேர்ந்தபோது பயிற்சியில் கம்மம் பற்றிச் சொல்லியிருந்தார்கள். இன்றைய தெலங்கானாவில் இருக்கும் மாவட்டம். 2009இல் அங்கே 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டு ஒரு ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரிடம் கேட்கவே இல்லை; காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் சிலர் இறந்தபோது அது பெரிய பிரச்சினையாகி, 2010இல் ஆய்வை நிறுத்தினார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றது விசாரணை. சரி, ஆனால் ஒப்புதல் வாங்கிய முறை தவறுதானே? பயிற்சியில் இதைக் கேட்டபோது எங்கேயோ யாரோ செய்தது என்று தோன்றியது. திண்ணையில் அந்த விரலைப் பார்த்த பிறகுதான் நானும் அதே வேலையைச் செய்கிறேன் என்று உறைத்தது.

இன்னொன்றும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கூட இருந்து கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் எங்கள் வண்டி ஓட்டுநரைப் போடச் சொல்லிவந்தோம்.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். கணக்கை முடிக்கிற வழியைப் பார் என்றார். தகவல் தாளின் கடைசியில் எத்திக்ஸ் கமிட்டியின், அதாவது ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் குழுவின், தொலைபேசி எண் இருக்கும். பங்கேற்பவர்களுக்காகப் போட்ட எண். இரண்டு நாள் யோசித்துவிட்டு நானே அழைத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரத்தில் கமிட்டியிலிருந்து நேரில் வந்து பார்த்தார்கள். 12 வீடு 6 ஆனது. கைநாட்டு வைத்தவர்கள் எல்லோரிடமும் திரும்பப் போய், சாட்சியை வைத்துக்கொண்டு மறுபடி கேட்கச் சொன்னார்கள்.

இந்த முறை பேச்சை ஆரம்பிக்கும்போதே, "வேணாம்னு சொன்னாலும் உங்க பென்ஷனுக்கும் ரேஷனுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றேன். பக்கத்து வீட்டு அக்கா சாட்சியாக உட்கார்ந்திருந்தார். ஆயா பொறுமையாகக் கேட்டார். "அப்ப ரத்தம் வேணாம் கண்ணு. மோர் இருக்கு, குடிச்சிட்டுப் போ."

பதில்:

படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. போன வருடம் அவருக்குச் சிகிச்சை பார்க்கும் டாக்டரே ஒரு புது மருந்துச் சோதனையில் சேரச் சொன்னார். "டாக்டர் நமக்குக் கெட்டதா சொல்லப்போறாரு?" என்று பேனாவை எடுத்துவிட்டார் அப்பா. நான்தான் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று டாக்டரே சொன்னார். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதைக் கணினி குலுக்கிப் போடும், டாக்டருக்கே தெரியாது என்பது வீட்டில் படித்தபோதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. சோதனையால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை, இழப்பீடு என்று மருந்துச் சோதனைகளுக்கான 2019 அரசு விதிகளில் இருப்பதும் அதில் எழுதியிருந்தது. சேர்ந்தார். நாலாவது மாதம் அலைச்சல் தாங்காமல் விலகினார். அதே டாக்டர்தான் இன்றும் பார்க்கிறார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆனால் எங்களிடம் தாளின் நகல் இல்லை. இப்போது கேட்டால் தருவார்களா?

பதில்:

கண்டிப்பாகக் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட படிவமும் தகவல் தாளும் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டியவை. விலகிவிட்டதால் அந்த உரிமை போய்விடாது. எத்திக்ஸ் கமிட்டி எண் இருக்கும் பக்கமும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.