டி155 டோசருக்கு ரிப்பர்: ஒற்றை ஷாங்க்கா, மூன்று ஷாங்க்கா?
வணக்கம். ரிப்பர் என்பது டோசரின் பின்னால் மாட்டிப் பாறையைக் கீறி உடைக்கும் கருவி; ஷாங்க் என்பது அதில் நுனியில் பல் பொருத்திய கால். உடைக்க வேண்டியது நைஸ் (gneiss) என்ற கடினப் பாறை. மேலே 2 மீட்டர் சிதைந்தது, நில அதிர்வு வேகம் (பாறை இறுக இறுக இது கூடும்) நொடிக்கு 1,200 மீட்டர், அடியில் 2,000. பக்கத்தில் வீடுகள், வெடி வைக்க வழியில்லை.

மேல் அடுக்குக்கு மூன்று ஷாங்க் போதும். கீழே போனால் அழுத்தம் மூன்றாகப் பிரிந்து பல் இறங்காது, டிராக் (டோசர் ஓடும் சங்கிலிப் பட்டை) வழுக்கும், அதன் ஷூ தகடுகள் தேயும். ஓரத்து ஷாங்க் இரண்டையும் கழற்றிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் வைத்து ஓட்டலாமா, இல்லை ஒற்றை ஷாங்க் ரிப்பரே வாங்கிவிடுவதா?

பல் விஷயத்திலும் குழப்பம். நீளப் பல் தேய நாளாகும், ஆனால் இறுகிய பாறையில் ஒடியும். மனம் குட்டைப் பல்லுக்கே போகிறது. ஓட்டம் முதல் கியரில், மணிக்கு 2 கி.மீ.தான். இப்படிப்பட்ட பாறையில் ஓட்டியவர்கள், ஒரு பல் எத்தனை மணி நேரம் தாங்கியது என்றும் சொல்லுங்கள்.