லேடெக்கில் 11-வது நிரலில் முரண்டு பிடிக்கும் அணி

கேள்வி:
லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஆய்வேடு எழுதுகிறேன். அதில் 12 நிரல் (செங்குத்து வரிசை) கொண்ட அணி (மேட்ரிக்ஸ்) ஒன்று வருகிறது. கணிதத்துக்கான ஏஎம்எஸ்மேத் துணைத் தொகுப்பில் அணி அமைக்க உதவும் பிமேட்ரிக்ஸில் அடித்தேன். 10 நிரல் வரை சமர்த்தாக வந்தது, 11-வதைச் சேர்த்ததும் பிழை. நிரல்களைப் பிரிக்கும் ஆம்பர்சண்ட் (&) குறிகளை மூன்று முறை எண்ணிவிட்டேன், சரியாகத்தான் இருக்கின்றன. நாளை மறுநாள் வழிகாட்டியிடம் கொடுக்க வேண்டும்!

பதில்:
உங்கள் எண்ணிக்கையில் தப்பில்லை. அந்தத் தொகுப்பு வைத்திருக்கும் வரம்பே 10 நிரல்தான். அணிக்கு முன்னால் செட்கவுண்டர் கட்டளை போட்டு அந்த வரம்பைக் குறிக்கும் மேக்ஸ்மேட்ரிக்ஸ்கால்ஸ் மதிப்பை 12 ஆக்குங்கள். நானும் இதில் ஒரு ராத்திரியைத் தொலைத்தவன்தான்.

கேட்டவர்:
வந்துவிட்டது, நன்றி அண்ணா. ஆனால் 3-க்குக் கீழே −3 வந்தால் இலக்கங்கள் நேராக நிற்கவில்லை. பார்க்கவே கோணலாக இருக்கிறது.

இன்னொரு பதில்:
ஒவ்வொரு எண்ணையும் நிரலின் நடுவில் வைப்பதால் வரும் கோணல் அது. மேத்டூல்ஸ் தொகுப்பை ஏற்றி, பிமேட்ரிக்ஸ் பெயரோடு ஒரு நட்சத்திரக் குறி சேர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'ஆர்' எழுத்தைப் போடுங்கள். எல்லாம் வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். வெற்று இடைவெளி தட்டிச் சரிசெய்ய மட்டும் போகாதீர்கள், கணித முறையில் அதை லேடெக் கண்டுகொள்ளாது.

கேட்டவர்:
அதைத்தான் அரை மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன் அண்ணா.