ஒரே லேபிளில் தமிழ், மலையாளம், ஆங்கிலம்: மூன்றுக்கும் பிரஷ் எழுத்து கிடைக்குமா?

ஏலக்காட்டுப் பெண்:
குமுளியில் அம்மாவுக்கு ஏலக்காய், மிளகு, நேந்திரங்காய் சிப்ஸ் விற்கிற சின்னக் கடை. புது லேபிளைக் கம்பம் ஊர் அச்சகத்தில் அடிக்கக் கொடுக்கப் போகிறோம், கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிமார் கூட்டம் வந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். கடைப் பெயர் பிரஷ்ஷால் சட்டென்று எழுதியது போல இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஆங்கிலத்துக்கு கம்ப்யூட்டரில் இருந்த பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற ஃபான்ட்டில் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் (கேபிடல்) போட்டேன், படிக்கவே முடியவில்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் அந்த மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. என்ன செய்யலாம்?

எழுத்துக்கிறுக்கன்:
பிரஷ் ஸ்கிரிப்ட் 1942இல் ராபர்ட் இ. ஸ்மித் வரைந்தது. அதில் சின்ன எழுத்துகள் ஒன்றோடொன்று கை கோத்து ஓடும், பெரிய எழுத்து சொல்லின் தொடக்கத்துக்கு மட்டும்தான், அதனால் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்துப் பாருங்கள். தமிழுக்கு கவிவனார், மலையாளத்துக்கு சிலங்கா, இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், விற்கிற பொருளிலும் போடலாம். ஆனால் கவிவனார் சாய்ந்த கையெழுத்து, சிலங்கா பேனாவில் எழுதியது போல இருக்கும். நீங்கள் கேட்கிற பிரஷ் தடிப்பு இரண்டிலும் வராது.

போர்டுக்காரர் மகன்:
என் அப்பா பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் கடை போர்டு எழுதியவர், தமிழும் மலையாளமும். மலையாளம் உருண்டை எழுத்து, பிரஷ்ஷை எடுக்காமலே சுற்றி வந்துவிடலாம், தமிழில் ட, ப, ம எல்லாம் மூலையில் திருப்பியாக வேண்டும், மூலை மழுங்கினால் ப எது ய எது என்று ஆகிவிடும் என்பார். புள்ளியைக் கடைசியில், கொஞ்சம் பெரிதாகவே வைப்பார். சின்ன பாக்கெட்டில் அது மறைந்தால் ஏலக்காய் என்பது ஏலககாய ஆகிவிடும் இல்லையா? அதனால் ஃபான்ட் தேடாமல், போர்டு எழுதுகிறவர் ஒருவரிடம் கடைப் பெயரை மட்டும் மூன்று மொழியிலும் ஒரே பிரஷ்ஷால் வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஸ்கேன் செய்து வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டு வடிவமாக, மாற்றிக்கொள்ளலாம். எடை, விலை, தேதி எல்லாம் நேரான சாதா எழுத்திலேயே இருக்கட்டும், அங்கே பிரஷ் எழுத்து வேண்டவே வேண்டாம்.

எழுத்துக்கிறுக்கன்:
இவர் சொல்வதே சரி. ஒன்று மட்டும், காய்ந்த பிரஷ்ஷில் வருகிற கீறல் ஓரங்களை நன்றாகக் குறைத்துவிடுங்கள், பெரிதாகப் பார்க்க அழகுதான், லேபிள் அளவில் அழுக்குப் போலத் தெரியும். பிறகு கடைக்கு வினைல் ஸ்டிக்கர் வெட்டினாலும் அந்த ஓரமெல்லாம் பிய்ந்துகொண்டு வரும்.

ஏலக்காட்டுப் பெண்:
கம்பத்தில் அம்மாவுக்குத் தெரிந்த ஆர்டிஸ்ட் அண்ணன் ஒருவர் இருக்கிறார், மலையாளமும் எழுதுவாராம், ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அப்புறம் இன்னொன்று, அச்சகத்துப் பழைய போட்டோஷாப்பில் சாதா எழுத்தைப் போட்டாலே ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்கிறது, அதற்கு என்ன வழி?

போர்டுக்காரர் மகன்:
டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புது ஃபைல் திறந்து அடிக்கச் சொல்லுங்கள். மலையாளக் கூட்டெழுத்தும் அதிலேயே சரியாக வரும். அப்படியும் வராவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அடித்து, எழுத்தை வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அவர்கள் மெஷினில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் கொம்பு இடம் மாறாது.