டிராக்டர் பின் டயர் மெல்ல இறங்கிய விஷயம்: புதுப்பிப்பு

பின்பக்க டயரில் சாயங்காலம் காற்றடித்தால் காலையில் பாதி இறங்கிவிடுகிறது, ஆணி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கேட்டிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னபடி முதலில் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், குமிழி வரவில்லை. அப்புறம் பஞ்சர் கடைக்கார அண்ணன் டியூபைக் கழற்றி, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கடுகு மாதிரி பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. அதற்கு நேராக டயரின் உட்புறத்தைத் துணியால் தடவினால் நூல் மாட்டுகிறது: சீமைக்கருவேல முள், வெளியே ஒடிந்து முனை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. ஒட்டுப் போடுவதைவிட இதைக் குறட்டால் பிடுங்குவதுதான் முக்கியம், விட்டால் அடுத்த உழவிலேயே மறுபடி குத்திவிடும். டியூபைச் சுரண்டி, சூடு வைத்து ஒட்டியாயிற்று. இப்போது காற்று நிற்கிறது, யோசனை சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.