மின்னொளி கபடியில் கெட்ட வார்த்தை: குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக விழாக் குழு என்ன செய்ய வேண்டும்?

கெடிலக்கரை எழுதியது:

நோட்டீசில் "பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு" என்று ஒரு வரி போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கடலூர், பாகூர் பக்கத்து விழாக் குழுக்கள் பல நினைக்கின்றன. அந்தத் தனி இடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேடைக்குப் பக்கத்தில், ஆடுகளத்தின் முடிவுக் கோட்டுக்குப் பின்னால். சவுக்குக் கட்டையில் கட்டிய கேலரியும் அதே பக்கம், நேர் முதுகுக்குப் பின்னால். மேலே நிற்கிற பையன்கள் அம்பயரைத் திட்டுகிற ஒவ்வொரு சொல்லும் கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் காதில்தான் விழுகிறது.

கூட்டத்தை அதட்டி இதைச் சரிசெய்ய முடியாது. வசவு கிளம்புகிற நேரத்தைக் கவனித்தால் வழி தெரியும். ஏன் புள்ளி கொடுத்தார்கள், ஏன் கொடுக்கவில்லை என்று யாருக்கும் புரியாத சில வினாடிகளில்தான் அது வெடிக்கிறது.

போனஸ் என்கிற கூடுதல் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் 6 பேராவது உள்ளே இருந்தால்தான் போனஸ். எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிற ரைடரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையில் படும்போது இன்னொரு கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் நிற்கிற அம்பயருக்கு இரண்டு காலும் தெரியும். முடிவுக் கோட்டுக்குப் பின்னால் இருப்பவனுக்கு முன்கால் தாண்டியது மட்டும் தெரியும். அவன் கண்ணால் பார்த்த புள்ளியை அம்பயர் தின்றுவிட்டதாகவே நினைப்பான். லாபியும் இப்படித்தான். அது பக்கக் கோட்டு ஓரமாக ஓடுகிற 1 மீட்டர் பட்டை. தொடுதல் நடக்கும்வரை வெளியிடம், தொட்டபின் உள்ளிடம். இதைப் பாதிப் பேருக்கு யாரும் சொன்னதே இல்லை.

ஸ்கோர் மேசைக்கும் மைக்குக்கும் நடுவில் விதி தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். அம்பயர் கை காட்டியதும் ஒரே வாக்கியம்: "போனஸ் இல்லை, உள்ளே 5 பேர்தான்." அல்லது "லாபி அவுட், தொடவில்லை." வீரர் பெயர் வேண்டாம், அபிப்பிராயம் வேண்டாம். அடுத்த ரைடரை அனுப்ப 5 வினாடிதான் என்பதால் அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். இந்த ஒரு ஆளைப் போட்டாலே அம்பயர் மேல் வருகிற வசவு பெரிய அளவில் குறையும்.

விசில் உப்பளம் எழுதியது:

மைக் யோசனை சரி. ஆனா தலைப்பே எனக்கு ஒப்பல. கூட்டத்தோட சத்தம்தான் கபடிக்குப் பாதி உயிர். டூ ஆர் டை ரைடுல, அதாவது புள்ளி எடுக்காம திரும்பினா அவுட்டுங்கற ரைடுல, ஒருத்தன் பாடிப் போறப்போ மொத்த கேலரியும் அமைதியா கை தட்டினா அவனுக்குக் கால் எழும்பாது. எது கெட்ட வார்த்தை, எது வேகத்துல வர்ற பேச்சுன்னு தரம் பிரிக்காம "வாயை மூடு"ன்னா முதல்ல சாகறது அந்தச் சத்தம்.

குடும்பங்க ஒன்பதரைக்கு எழுந்து போறதுக்கு வசவுதான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. பெண்களுக்குக் கழிவறை எத்தனை இடத்துல வெக்கிறாங்க? சவுக்குத்தோப்பு ஓரத்துல மைதானம், சுத்தி இருட்டு. ஆறு மணிக்கு வந்த அம்மா ஒன்பது மணிக்கு மேல எப்படி உக்காருவாங்க? அடுத்தது, உள்ளூர் அணி ஆட்டத்தைக் கடைசில போடறாங்க, கூட்டம் கலையக் கூடாதுன்னு. 20 நிமிஷம் ரெண்டு பாதி, நடுவுல 5 நிமிஷம் இடைவேளை, டைம் அவுட், தகராறு எல்லாம் சேர்த்தா ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் போயிடும். நாலு ஆட்டம் முடிஞ்சு உள்ளூர் அணி இறங்கறப்போ மணி பத்தரை. பிள்ளை தூங்கிடும். உள்ளூர் ஆட்டத்தை ஏழரைக்குப் போடுங்க, கழிவறைக்கு விளக்கோட வழி போடுங்க. அதுக்கு அப்புறமும் போனா வசவுன்னு ஒத்துக்கறேன்.

முதுநகர்க்காரி எழுதியது:

விசில் தம்பி, கழிவறையும் நேரமும் நூற்றுக்கு நூறு உண்மை. அதைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் "வேகத்தில் வருகிற பேச்சு" என்று நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டுவதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

"அம்பயர் கண்ணு தெரியலையா" என்று கத்துவது ஒன்று. அதற்காக எந்தத் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மாட்டாள். நம் ஊர் வசவில் முக்கால்வாசி அம்பயரைத் திட்டுவதே இல்லை, அவன் அம்மாவையும் அக்காவையும் திட்டுகிறது. பாயில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு அது யாரோ ஒரு அம்மாவைப் பற்றியதாகக் கேட்காது.

பெண்கள் ஆட்டத்தில் இது இன்னும் மோசம். அங்கே அம்பயரை விட்டுவிட்டு ஆடுகிற பிள்ளைகளின் உடம்பையும் உடுப்பையும் பேசுகிறார்கள். பெண்கள் ஆடுகளம் 12க்கு 8 மீட்டர், ஆண்களுடையது 13க்கு 10. கோடு உள்ளே போட்டதும் முன்வரிசையும் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. லாபியில் விழுகிற பெண் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் விழுகிறாள். பெண்கள் ஆட்டம் என்றால் கயிறு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் பெண் தொண்டர்கள் நிற்க வேண்டும். இதைச் செய்யாத குழு பெண்கள் அணியை அழைக்கவே கூடாது.

முள்ளோடை எல்லை எழுதியது:

சரக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் முள்ளோடையில் வரிசையாக மதுக்கடை. ஆட்டத்துக்கு ஆட்டம் வெளியே போய்விட்டு உள்ளே வருகிறவன்தான் பத்து மணிக்கு மேல் வாயைத் திறக்கிறான். உள்ளே வந்தவன் வெளியே போனால் திரும்ப அனுமதி இல்லை என்று நோட்டீசிலேயே போடுங்கள். வாசலில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், குளிர்பான பாட்டிலைக் கட்டாயம் பாருங்கள். அதற்குப் பதிலாக உள்ளே இலவசமாகத் தண்ணீர் கேன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் தடை நிற்காது. மீறிக் கத்துகிறவனை நாலு பேர் சேர்ந்து வெளியே தூக்கிப் போடுங்கள். ஒருவனைப் போட்டால் பத்துப் பேர் அடங்குவார்கள்.

விசில் உப்பளம் எழுதியது:

வெளியே தூக்கிப் போடறதுதான் இதுல ரொம்ப ஆபத்தான யோசனை. 2021 ஜனவரி சிட்னி கிரிக்கெட் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? நாலாவது நாள் நம்ம பவுலர் சிராஜ் பவுண்டரி பக்கத்துல இருந்து வந்து அம்பயர்கிட்ட புகார் சொன்னார். ஆட்டம் கிட்டத்தட்ட 10 நிமிஷம் நின்னுச்சு. போலீஸ் 6 பேரை வெளியே அனுப்பிச்சு. அப்புறம் கிரிக்கெட் ஆஸ்திரேலியா விசாரிச்சு, இந்திய வீரர்கள் மேல இனவெறி வசவு நடந்தது உண்மைதான், ஆனா படம் பிடிக்கப்பட்டு வெளியே போன அந்தப் பார்வையாளர்கள் அதைச் செஞ்சவங்க இல்லன்னு சொல்லிச்சு. கேமரா, டிக்கெட் நம்பர், இருக்கை நம்பர் எல்லாம் இருக்கற மைதானத்துலயே இப்படி. நம்ம சவுக்குக் கட்டை கேலரில, இருட்டுல, நாலு தொண்டருங்க யாரைப் பிடிப்பாங்க? ஏற்கெனவே ஆகாத தெருப் பையனைத்தான் பிடிப்பாங்க. வசவுல ஆரம்பிச்சது ஊர்த் தகராறுல முடியும்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துக்கொண்டு பேசலாம். பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296. 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வெறும் வசவும் இழிவுப் பேச்சும் மட்டும் 294(பி)க்குப் போதாது, சொல் ஆபாசமாக இருக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே "கெட்ட வார்த்தை பேசினால் கேஸ்" என்று மைக்கில் மிரட்டுவது பாதிப் பொய்.

அதே சன்ஹிதாவின் பிரிவு 79 அப்படியல்ல. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தில் சொல்லும் சொல், காட்டும் சைகை எல்லாம் அதில் வரும், 3 ஆண்டு வரை சிறை. முதுநகர்க்காரி அக்கா சொன்ன பெண்கள் ஆட்டத்துக்கு இதுதான் பொருந்தும்.

இதுவரை யாரும் தொடாத ஒன்று சாதி. ஊர்ப் பெயர் சொல்லித் திட்டுவது இரண்டாவது பாதியில் தெருப் பெயராகும், அடுத்து சாதிப் பெயராகும். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எஸ்) பொதுமக்கள் பார்வையில் அவர்களைச் சாதிப் பெயரால் திட்டுவதைக் குற்றமாக்குகிறது. 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை. முன்ஜாமீனுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. இதை "ஆட்ட வேகம்" என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தச் சொல் ஒருமுறை காதில் விழுந்தாலும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று: ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிவரைதான் விதி. அதற்குமேல் ஓட்டுவதென்றால் அரசு விலக்கு அளித்த நாளாக இருக்க வேண்டும். அந்த விலக்கும் விழா நாட்களுக்குத்தான், ஆண்டுக்கு 15 நாளைத் தாண்டக் கூடாது, நள்ளிரவோடு முடிய வேண்டும். மைக்கை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் அட்டவணையை அதற்குள் அடக்குங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

மஞ்சக்குப்பம் சொன்னதை ஏற்கிறேன். நிறுத்துவது எப்படி என்பதற்குக் கால்பந்தில் ஒரு முறை இருக்கிறது. இனப் பாகுபாட்டு வசவு வந்தால் ஃபிஃபா வைத்திருக்கும் மூன்று படி: முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, தொடர்ந்தால் வீரர்களை உடைமாற்றும் அறைக்கு அனுப்பித் தற்காலிக நிறுத்தம், அதற்கும் மேல் ஆட்டமே ரத்து. கபடியில் நடுவருக்கு ஆட்டத்தை நிறுத்தும் உரிமை உண்டு, ஆக முதல் இரண்டு படிக்குப் புது விதி எதுவும் தேவையில்லை. சாதி, பெண் இந்த இரண்டுக்கு மட்டும் இதை வையுங்கள். விசில் தம்பி பயப்படுகிற ஆள்பிடிப்பும் இதில் இல்லை, யார் கத்தினார்கள் என்று தெரியாவிட்டாலும் ஆட்டம் நிற்கும்.

கூடவே, அந்தக் கூட்டம் ஆதரிக்கிற அணிக்கு ஒரு புள்ளி குறைக்க வேண்டும் என்பேன். தன் அணி தோற்கும் என்றால் பக்கத்தில் நிற்கிறவனே வாயைப் பொத்துவான்.

விசில் உப்பளம் எழுதியது:

நிறுத்தறதுக்கு சரி. சாதி விஷயத்துல நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். மஞ்சக்குப்பம் அண்ணன் சொன்னதுதான் கடைசி வார்த்தை.

புள்ளி குறைக்கறது கூடவே கூடாது. 28-27ல ஆட்டம் போறப்போ எதிரணி ஆளு ஒருத்தன் நம்ம கேலரில வந்து நின்னு ஒரு வார்த்தை விட்டா போதும், கோப்பை அவங்களுக்கு. ஆடறவனுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை இருக்கு. அவன் வாய்க்கு அவன் பொறுப்பு. கேலரிக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

ஒரு கேள்வி, யாருமே கேக்கல. மைக்ல பேசறவரை யார் கட்டுப்படுத்தறது? அவுட் ஆன பையனைக் கேலி பண்றது, "இந்த ஊரு அணிக்கு இதே வேலை"ன்னு ஏத்தி விடறது, நடுவுல குத்துப்பாட்டு போடறது, எல்லாம் அவர்தான். ஹாரன் ஸ்பீக்கர் கேலரிக்கு நேரா காதைக் கிழிச்சா, அதைத் தாண்டிக் கேக்கணும்னு எல்லாரும் அடித்தொண்டைலதான் கத்துவாங்க. ஹாரனை ஆடுகளத்துப் பக்கம் திருப்பி, சத்தத்தைப் பாதியாக்குங்க. ரைடுக்கு ரைடு பாட்டு வேண்டாம்.

முதுநகர்க்காரி எழுதியது:

மைக்காரர் பற்றிச் சொன்னது மிகச் சரி. அவருக்குப் பணம் கொடுப்பது விழாக் குழுதானே, ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடலாம்.

இடம் பற்றி என் கணக்கு: குடும்பங்கள் பக்கக் கோட்டு ஓரம், ஸ்கோர் மேசை இருக்கிற பக்கம். போனஸும் லாபியும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். கேலரி எதிர்ப் பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஆடுகளமே இருக்கும். கயிறு கோட்டிலிருந்து 3 மீட்டர். கயிற்றோரம் பிள்ளைகள், அடுத்து நாற்காலி, நிற்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் கிடையாது. குடும்பம் என்றால் பெண்கள் மட்டும் இல்லை, அப்பாவும் அண்ணனும் அங்கேயே உட்காரட்டும். பெண்களை மட்டும் ஒரு மூலையில் அடைக்கிற கயிறு வேண்டாம்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

தொடக்க அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், விசிலடியுங்கள். சாதியையும் பெண்களையும் இழுத்தால் ஆட்டம் நிற்கும். பெண்களுக்கான கழிவறை ஸ்கோர் மேசைக்குப் பின்னால், விளக்கு எரிகிற வழியில்." ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒருமுறை, இருபது வினாடி.

முள்ளோடை எல்லை எழுதியது:

குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

விசில் உப்பளம் எழுதியது:

அது வாசல்ல பாக்க வேண்டிய வேலைங்க, மைக்ல சொல்றது இல்ல. பாட்டில் சோதனைக்கு நான் எதிர்ப்பு இல்ல, தண்ணி கேன் வெச்சா. புள்ளி குறைக்கறதை மட்டும் கெடிலக்கரை அண்ணன் விட்டுடட்டும்.

கெடிலக்கரை எழுதியது:

விடவில்லை. சாதிச் சொல்லால் ஒரே ஆட்டம் இரண்டாவது முறை நிற்கும்போது என்ன செய்வீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள் தம்பி.