எறும்பு சுவரைத் தாண்டிய கதை (எங்கள் குடும்பக் குழுவிலிருந்து)

அத்தான்: ரோபோ வகுப்பு என்று சொல்லித்தான் பையனைச் சேர்த்தோம். போய்ப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் கணினியில் விளையாட்டு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சக்கரத்தைக்கூடத் தொடவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

சித்தப்பா: கேளுங்கள் மாப்பிள்ளை. வீட்டில் இலவசமாகவே விளையாடுகிறானே 😄

நான்: அவசரப்படாதீர்கள் அத்தான். விளையாடுகிறானா, விளையாட்டை உருவாக்குகிறானா?

அக்கா: உருவாக்குகிறான். ஸ்கிராட்ச் என்கிறான், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதுவதாம். ஓர் எறும்பு, சுற்றிலும் புதிர்ப்பாதை, நடுவில் சர்க்கரை.

நான்: அப்படியென்றால் ஆசிரியர் விவரமானவர்தான். எறும்பின் நிரல்: "எப்போதும் பார்த்துக்கொண்டே இரு, கருப்புச் சுவரைத் தொட்டால் பின்வாங்கு." தரையில் போட்ட கருப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோவின் நிரல்: "எப்போதும் பார்த்துக்கொண்டே இரு; இடது உணரிக்கு (சென்சாருக்கு) கருப்பு தெரிந்தால் இடப்பக்கம் திரும்பு." இரண்டும் ஒன்றுதானே? ரோபோவின் அடியில் அகச்சிவப்பு உணரி இருக்கும். வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கருப்புக் கோடு விழுங்கிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்தப்பா: அதை ரோபோவிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?

நான்: முதல் நாளே ரோபோவைக் கொடுத்து அது ஓடவில்லை என்றால், கோளாறு நிரலிலா, கம்பியிலா, பேட்டரியிலா என்று பிள்ளை எதைத் தேடுவான்? திரையில் என்றால் பெரும்பாலும் நிரலில்தான் இருக்கும்.

அப்பா: எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது.

நான்: இருந்தது அப்பா, நமக்குத்தான் தெரியாது. 1967இலேயே அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்ஸைக் மூவரும் பிள்ளைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். பிறகு தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் ஆமை ரோபோ வந்தது. அதே ஆமை திரைக்குள்ளும் போனது. பேப்பர்ட்டுடன் பணியாற்றிய மிட்செல் ரெஸ்னிக்கின் குழு எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து 2007இல் வெளியிட்டதுதான் ஸ்கிராட்ச்.

அத்தான்: வரலாறு சரி. சக்கரம் எப்போது வரும்?

நான்: அதை ஆசிரியரிடம் கேளுங்கள், நியாயமான கேள்வி. கடைசிவரை திரையிலேயே ஓட்டினால் நானும் உங்கள் பக்கம்தான். திரையில் 10 அடி எடுத்து வை என்றால் சரியாக 10 அடி வைக்கும். தரையில் சக்கரம் வழுக்கும், பேட்டரி இறங்கினால் திருப்பம் குறையும், ஜன்னல் வெயில் உணரியைக் குழப்பும். இதைத் திரை சொல்லித்தராது.

அக்கா: நாமே ஏதாவது வாங்க வேண்டுமா?

நான்: இப்போது வேண்டாம். மைக்ரோபிட் என்று நிரல் எழுதி இயக்கும் ஒரு சிறு மின்னணுப் பலகை இருக்கிறது. 2016இல் பிரிட்டனில் ஏறத்தாழ 10 லட்சம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 25 சிறு விளக்குகள், 2 பொத்தான்கள், சாய்த்தால் உணரும். மேக்கோட் என்ற இணையதளத்தில் அந்தப் பலகையே திரையில் இயங்கும். காசில்லாமல் அதில் பழகட்டும்.

அப்பா: பேரன் அனுப்பியதை ஆடினேன். எறும்பு சுவரை ஊடுருவி நேரே சர்க்கரைக்குப் போய்விட்டது. வெற்றி என்று காட்டுகிறது.

அக்கா: சித்தி, நான்தான், அம்மாவின் போனில். சுவரைத் தொட்டால் பின்வாங்கு என்றுதானே வைத்திருக்கிறேன்? தாத்தா எப்படிப் போனார்?

நான்: எறும்பு ஒரு தாவலுக்கு எத்தனை அடி?

அக்கா: 20. சுவர் மெல்லிய கோடுதான்.

நான்: எறும்பும் பொடியன். தாவும் முன் ஒருமுறை பார்க்கிறது, தாவிய பின் ஒருமுறை. அதற்குள் சுவர் பின்னால் போய்விடுகிறது. வேகமாக ஓடும் ரோபோவும் இப்படித்தான் கோட்டைத் தவறவிடும்.

சித்தப்பா: எறும்பை மெதுவாக விடுடா.

அக்கா: வேண்டாம் சின்னத் தாத்தா, ஆட்டம் சலித்துவிடும். 5 அடி போ, சுவரைப் பார். இதையே 4 முறை செய்யச் சொல்கிறேன்.

அத்தான்: இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களா?

அக்கா: இல்லை அப்பா. தாத்தா, மாற்றிவிட்டேன், இப்போது ஆடுங்கள்.

அத்தான்: ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். சக்கரம் அடுத்த வாரமாம்.

அப்பா: சுவர் இப்போது தடுக்கிறது. ஆனால் இடது ஓரத்தில் சுவரே போடவில்லையே கண்ணா? அந்த வழியாகப் போய்ச் சர்க்கரையை எடுத்துவிட்டேன்.